ஐந்து சேவலை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுப் பின்புறம் எட்டுப் பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். ஒரு பெட்டையை அடை வைத்தேன். பொரித்த குஞ்சுகளில் ஐந்து சேவலாகிவிட்டன. ஐந்து மாதம் ஆகிறது. விடியுமுன்பே எல்லாம் சேர்ந்து கூவுவதால் பக்கத்து வீட்டாருக்குக் கோபம். கணவர் கறி வைக்கலாம் என்கிறார், பிள்ளைகள் அழுகிறார்கள். மாமியார் முருகன் கோயிலில் விட்டுவிடச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஆள் தேடுவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். வாங்கிப் போகிறவர் சேவலை அறுத்தால் உங்களுக்குச் சம்மதமா, இல்லையா? சேவல் கேட்டு வருகிறவர்களில் குழம்புக்குக் கேட்பவர்கள் உண்டு, மதுரைவீரன் பூசைக்குக் கேட்பவர்கள் உண்டு, ஜூலு மக்கள் தங்கள் முன்னோர் சடங்குக்கும் கேட்பார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் "வளர்க்கத்தானே?" என்று பேருக்குக் கேட்டு, அவர் தலையாட்டியதும் கொடுத்து அனுப்பிவிட்டு, பிள்ளைகளிடம் "பண்ணையில் நன்றாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள்.

சம்மதம் என்றால் கணவர் சொல்வதும் நியாயம்தான். விடலைச் சேவல் கறி கிழட்டுச் சேவல் மாதிரி நாராக இருக்காது. புரட்டாசி விரதம் இருக்கிற குடும்பமென்றால் மாதம் பிறக்குமுன் முடிவெடுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடும் சேவல் இருந்தால் அதை மட்டும் உங்கள் அடுப்பில் ஏற்ற வேண்டாம், வேறு வீட்டுக்குக் கொடுங்கள்.

சம்மதமில்லை என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐந்தையும் ஒரே ஆள் எடுப்பது அபூர்வம். வெருலம், டொங்காட் பக்கம் நிலமுள்ள சொந்தக்காரர்களில் பெட்டை மட்டும் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள். நேரில் போய்க் கூட்டைப் பாருங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஏற்கெனவே இருந்தால் அங்கே கொடுக்காதீர்கள். போட்ட தடுப்பூசி, போடாத தடுப்பூசி இரண்டையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றக் கோழிகளோடு விடச் சொல்லுங்கள். சாயங்காலம், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கொண்டுபோனால் பறவை அதிகம் மிரளாது.

ஐந்தையும் மொத்தமாகக் கேட்டு, காலையும் முள்ளையும் தடவிப் பார்த்து விலை பேசுகிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சேவல் சண்டைக்காக இருக்கலாம். இங்கே 1962ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சேவல் முருகனுடைய கொடியில் இருப்பதால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் கோயில் வாசலில் விட்டால் யார் தீனி போடுவார்கள்? இரவில் நாய் வந்தால் என்ன ஆகும்? நிர்வாகத்தினர் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டால் அது வேறு.

ஆறில் எதை வைத்துக்கொள்வது என்பதையும் அவசரமில்லாமல் முடிவு செய்யுங்கள். வால் அழகைப் பார்க்காதீர்கள். ஒரு பிடி சோளம் தூவிவிட்டு நின்று கவனியுங்கள். தான் கொத்தாமல் ஒரு மணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடுகிற சேவல்தான் நல்ல சேவல். பிள்ளைகளின் காலைப் பார்த்துப் பாய்கிறதை முதலில் அனுப்புங்கள், வாங்குகிறவரிடம் அந்தக் குணத்தை மறைக்காதீர்கள். பெட்டைகளின் முதுகையும் இன்றே பாருங்கள். சேவல்கள் மிதித்து மிதித்து இறகு போய்த் தோல் சிவந்திருந்தால் இனி ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், ஐந்தையும் தனியே அடையுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடமானால் அவை தங்களுக்குள் சண்டை போடுவதும் குறையும். இரவில் காற்றோட்டமுள்ள இருட்டுக் கொட்டகையில் அடைத்து, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு திறந்துவிட்டால் கூவல் நிற்காது, ஆனாலும் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் குறையும். எந்தத் தேதிக்குள் அனுப்பப்போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் முட்டை. சேவலே இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். சேவலை வைத்துக்கொண்டால் தினமும் முட்டையை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அடை வைக்க ஆசைப்பட்டால், பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும் என்பதால், அவற்றை எடுத்துக்கொள்ளும் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.