கச்சான் விற்கும் ஐயாவை இரண்டாம் தரம் சிரிக்கச் சொன்ன பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கார், ஐபோன், கட்டுக்கட்டாகக் காசு என்று அள்ளிக் கொடுக்கிற யூரியூப் வீடியோக்களே அவனுக்கு உலகம். பெரியவனானதும் தானும் அதைத்தான் செய்யப்போகிறானாம். கொமென்ட் போட்டால் தனக்கும் ஒருநாள் விழும் என்று நம்புகிறான். நாங்கள் சொன்னால், “அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது” என்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. போன மாதம் டச்பே கடற்கரையில் கச்சான் விற்கும் ஒரு வயதான ஐயாவுக்கு, உண்டியல் காசில் சோத்துப் பார்சல் வாங்கிக் கொடுத்தான். அவன் தங்கச்சி என் போனில் வீடியோ எடுத்தாள். ஐயா சும்மா வாங்கி வைத்துவிட்டார் என்று, பார்சலைத் திருப்பி வாங்கி, இன்னொரு தரம் கொடுத்து, சிரிக்கச் சொன்னான். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. சொந்தக்காரருக்கும் அனுப்பினோம். நல்ல மனம்தான், ஆனால் இந்த வீடியோக்களால் கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. அவனை எப்படி யோசிக்கப் பழக்குவது?
ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, யூரியூப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஒற்றை வரியில் தாண்டிப்போன அந்தக் கச்சான்கார ஐயாவிடம் முதலில் போவோம்.

அவர் பார்சலை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? அவர் உங்களிடம் சோறு கேட்கவில்லையே. கச்சான் வறுத்து, சரை சுற்றி விற்று, தன் உழைப்பில் சீவிக்கிற மனிதர். அவருக்கு உதவ விரும்பியவன் நாலு சரை கச்சான் வாங்கியிருக்கலாம். உங்கள் மகன் அவரைத் தெரிந்தெடுத்தது அவருக்குப் பசி என்பதற்காகவா, பார்த்தால் வீடியோவுக்குத் தோதான ஆள் என்பதற்காகவா? கேட்டுப் பாருங்கள், அவனே சொல்லுவான்.

அதன்பிறகு கொடுத்ததைத் திருப்பி வாங்கி, மறுபடி நீட்டி, சிரிக்கச் சொல்லியிருக்கிறான். அவரும் சிரித்திருக்கிறார். ஒரு சின்னப்பிள்ளை, சுற்றிவரப் பெரியவர்கள், நீட்டிய போன்: வேறென்ன செய்வார்? உங்கள் மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டு, கோப்பையைத் திருப்பி எடுத்து, “அப்பப்பா, இன்னொருக்கா வாங்குங்கோ, இந்தமுறை சந்தோசமா வாங்குங்கோ” என்று அவன் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டு நின்றிருப்பீர்களா? காதைப் பிடித்துத் திருகியிருப்பீர்கள். கடற்கரையில் நின்றவர் உங்கள் வீட்டு மனிதர் இல்லை என்பதால் அது பகிடியாகிவிட்டது.

நல்ல மனம் பார்சல் வாங்கியதோடு முடிந்துவிட்டது. இரண்டாம் தரம் நீட்டியது அவன் பார்த்துப் பழகிய தொழில். வாங்குகிறவரின் முகம்தான் அங்கே சரக்கு, பார்சல் அதற்கான செலவு என்பதை 11 வயதில் பிடித்துவிட்டான். ஆகவே அவனுக்கு மூளை வேலை செய்யவில்லை என்று கவலைப்படாதீர்கள். பக்கத்தில் நின்ற பெரியவர்கள்தான் அன்று யோசிக்கவில்லை.

இனி வீடியோக்கள். “எல்லாம் பொய், எல்லாம் நடிப்பு” என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். இப்படி அள்ளிக் கொடுக்கிற வீடியோக்களால் பேரெடுத்த மிஸ்டர் பீஸ்ட் என்ற அமெரிக்கர் 2023 ஜனவரியில் போட்ட வீடியோவில் 1,000 பேருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் காசு கொடுத்தார். அவர்களுக்குப் பார்வை வந்தது உண்மை. பொய் என்று நீங்கள் சொன்ன அன்றே அவன் உங்களைப் பிடித்துவிடுவான். பிறகு ஒன்றும் ஏறாது. உண்மை என்று ஒத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைப் போடுங்கள். இலங்கையில் அரச ஆஸ்பத்திரிகளிலும் கண்புரை வெட்டுகிறார்கள், சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. அவன் பையில் கிடக்கும் பாடப்புத்தகங்கள் 1980இலிருந்து நாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம். எல்லாம் ஊர்ச்சனத்தின் வரிக்காசு. புத்தகம் வாங்கும்போது “சிரிச்சுக் காட்டு, இல்லையெண்டால் திருப்பித் தா” என்று ஒருவர் அவனிடம் கேட்டால் எப்படியிருக்கும்? (எங்கள் அரசியல்வாதிகள் கொடுக்கும்போது படத்துக்குச் சிரிக்க வைப்பது வேறு கதை. அதையும் அவனிடம் சொல்லலாம்.) 2004 சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், நிவாரணப் பொதியோடு படத்துக்கு நிற்பது எப்படி இருந்தது என்று அவர்கள் வாயால் கேட்கட்டும்.

அடுத்தது காசு. இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் கணக்குச் செய்யத் தெரிந்த வயது. 2021 நவம்பரில் அதே ஆள் 456 பேரை வைத்து ஒரு போட்டி வீடியோ செய்தார். வென்றவருக்கு 456,000 டொலர். பரிசுகளும் தயாரிப்பும் சேர்த்து ஏறத்தாழ 35 லட்சம் டொலர் செலவு. ஒரு கைபேசி விளையாட்டு நிறுவனம் அனுசரணை கொடுத்தது. டொலரை 300 ரூபாவாக வைத்து மகனையே பெருக்கச் சொல்லுங்கள்: முதல் பரிசு 13 கோடி 68 லட்சம், மொத்தச் செலவு 105 கோடி. இவ்வளவையும் கொட்டுகிறவருக்கு அது எங்கிருந்து திரும்பி வருகிறது? நீள வீடியோக்களில் பார்வையாளருக்குக் காட்டும் விளம்பரத்தில் 100 ரூபா வந்தால் 55 வீடியோ போட்டவருக்கு, 45 யூரியூப்புக்கு. 8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடுகிற வீடியோவின் நடுவிலும் விளம்பரம் செருகலாம். பரிசு யாருக்கு என்பதைக் கடைசிவரை இழுப்பது சும்மா இல்லை. அனுசரணைக் காசு தனி. 2022இல் அவர் சொந்தமாகச் சொக்கலேற் வியாபாரமும் தொடங்கினார். அதற்கு விளம்பரமும் அந்த வீடியோக்களேதான். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிற வேலை. அது குற்றமென்று நான் சொல்லவில்லை, வியாபாரம். ஆனால் வியாபாரத்தைத் தருமம் என்று உங்கள் மகன் எண்ணக்கூடாது. அந்தப் போட்டியில் முதல் பரிசு கிடைக்காமல் போன 455 பேரில் ஒருவரின் பெயராவது அவனுக்குத் தெரியுமா?

ஒரு சனிக்கிழமை அவனுக்குப் பிடித்த வீடியோவையே அவனோடு இருந்து பாருங்கள். மகளும் இருக்கட்டும், ஒரு கொப்பி வேண்டும். முதல் மூன்று நிமிடத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். பாட்டு இல்லாவிட்டால் கண்ணீர் பாதியாகக் குறைவதை அவர்களே காண்பார்கள். பிறகு சத்தத்தோடு தொடக்கத்திலிருந்து. விளம்பரம் வந்த நிமிடங்களை மகன் எழுதட்டும். அனுசரணை நிறுவனத்தின் பெயர் எத்தனை தரம் வருகிறது என்பதை மகள் எண்ணட்டும். ஒருவர் அழுகிற இடத்தில் நிறுத்துங்கள். அதே அழுகை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தெரிகிறதா? அப்படியென்றால் அழுவதற்கு முன்பே இரண்டு கமரா அங்கே நின்றிருக்கிறது. திடீரென்று பிடிபட்டவர்போலக் காட்டப்படுகிறவரின் சட்டையில் மைக் குத்தியிருக்கிறதா? அதை எப்போது குத்தினார்கள்? கடைசியில் கொப்பியில் நாலு கேள்வி: காசு யாருடையது, யாருக்குக் கிடைத்தது, யார் சம்பாதித்தார்கள், யாரைக் காட்டவில்லை. பதிலை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூன்று வீடியோவுக்குப் பிறகு அவனாகவே நிறுத்திக் காட்டத் தொடங்குவான். அப்போது “பார்த்தியா, நான் சொன்னனான்” என்று சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

கொமென்ட் போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். விதிப்படி 13 வயதுக்கு முன் அவன் தானாகச் சொந்தக் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே அநேகமாக உங்கள் கணக்கில், உங்கள் பெயரில்தான் போடுகிறான். யூரியூப் வரலாற்றுப் பக்கத்தில் அவை கிடக்கும், இருவருமாகப் பாருங்கள். போன் நம்பரோ விலாசமோ இருந்தால் உடனே அழியுங்கள். அப்படிப்பட்ட கொமென்ட்டுக்குக் கீழேதான் அந்தப் பிரபலத்தின் படத்தை வைத்துக்கொண்டு, “நீங்கள் வென்றுவிட்டீர்கள், டெலிகிராமுக்கு வாருங்கள்” என்று கள்ளர் வருவார்கள். முதலில் அனுப்புகூலி என்று சின்னத் தொகை, பிறகு கார்ட் நம்பர், பிறகு உங்கள் போனுக்கு வரும் ஓடிபி. 2023 ஒக்டோபரில் மிஸ்டர் பீஸ்டின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் செய்து, 2 டொலருக்கு ஐபோன் என்று டிக்டொக்கில் ஒரு போலி விளம்பரம் ஓடியது. முகமே பேசியது என்பது இனி அத்தாட்சி இல்லை. யூரியூப்பில் நடத்தும் போட்டியில் சேரக் காசு கேட்கக்கூடாது என்பது அவர்களின் விதி. ஆகவே காசு என்ற சொல் வந்த இடத்தில் போனை வைத்துவிட வேண்டும். கார்ட் விபரம் கொடுபட்டுவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101. நடந்ததை மகன் ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்றால், சொன்ன அன்று அடிக்கக்கூடாது.

இனி ஐயா. அந்த வீடியோவை உங்கள் போனிலிருந்து அழியுங்கள், குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும் அழியுங்கள். அங்கே வாரக்கணக்கில் கிடக்கும். வட்ஸ்அப்பில் “எல்லோருக்கும் நீக்கு” என்பது அனுப்பி இரண்டு நாளும் சொச்சமும் வரைக்குத்தான் வேலை செய்யும். நீங்கள் அனுப்பி ஒரு மாதம். ஆகவே சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் நீங்களே அழைத்து, அழிக்கச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். மகன் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டச்பேக்குப் போங்கள். போனை வீட்டில் வையுங்கள். முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு அவன்: “ஐயா, அண்டைக்கு உங்களைக் கேக்காமல் படம் எடுத்திட்டம், பிழை. அதை அழிச்சிட்டம்.” அவ்வளவு போதும். பார்சல் வேண்டாம், வேறு எதுவும் கொடுக்க வேண்டாம். கச்சான் வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்து, அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். அடுத்த கிழமையும் போய் வாங்குங்கள். கொடுக்க ஆசையுள்ள பிள்ளைக்குக் கோயில் அன்னதானத்தில் வேலை நிறைய உண்டு. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி முழுக்க நடக்கட்டும், இலை எடுக்கட்டும், ஆனால் உங்கள் வீட்டார் ஒருவரும் அவனைப் படம் எடுக்கக்கூடாது.

ஐயா அநேகமாக, “அதுக்கென்ன பிள்ளை, பரவாயில்லை” என்பார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு யாருடைய போனிலாவது அந்த வீடியோவை விட்டுவைக்காதீர்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் இன்றிரவே அழையுங்கள்.