ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், கேட்கிற விலை நியாயமா? கேள்வி பதில்

வீடு வேல்யுவேஷன்தான் என் வேலை, பேங்க்குக்கும் பண்றேன், வாங்குறவங்க தனியா கூப்பிட்டாலும் போறேன். என் ஏரியாவுல என்ன ரேட்னு மட்டும் கேட்காதீங்க, கணக்கு எப்படி போடுறதுன்னு கேளுங்க சொல்றேன்.

அக்கா, ரெண்டு ஃபிளாட் பார்த்திருக்கோம். ஒண்ணு 1100 சதுர அடி, இன்னொண்ணு 1000. அடி ரேட் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பெருசையே முடிச்சிடலாமா?

அந்த 1100 எதோட 1100, சூப்பர் பில்டப்பா கார்ப்பெட்டா? கார்ப்பெட்னா வீட்டுக்குள்ள நீங்க புழங்குற இடம் மட்டும். அதோட லிஃப்ட், படிக்கட்டு, வராண்டா எல்லாத்துலயும் உங்க பங்கை சேர்த்து சொல்றதுதான் சூப்பர் பில்டப், அந்தப் பங்குல நீங்க கட்டில் போட முடியாது. 1100ல கார்ப்பெட் 715, 1000ல கார்ப்பெட் 750னு வச்சுக்கோங்க. பெருசுக்கு 10% அதிகமா குடுத்து 35 அடி கம்மியா வாங்குறீங்க, புழங்குற இடத்துக்கு கணக்கு பண்ணா அடிக்கு 15% கூட. டேப் எடுத்துட்டு போங்கப்பா, வெக்கப்படாதீங்க. முக்கியமா ரெண்டாவது பெட்ரூமை அளங்க, ஏன்னா ரெண்டு பெட்ரூம்னு விலை சொல்றதே அதை வச்சுதான். 10க்கு 10 ரூம்ல 6 அடி அகல கட்டில் போட்டா மிச்சம் 4 அடி, அதுல 2 அடி பீரோ போயிடும், மிச்ச 2 அடியில பீரோ கதவையும் திறக்கணும் நீங்களும் நிக்கணும். 9க்கு 8ன்னா அது ஸ்டோர் ரூம், ஒன்றரை பெட்ரூம் ஃபிளாட்னு நினைச்சு விலை பேசுங்க.

ஆன்லைன்ல அதே ஏரியாவுல நிறைய விளம்பரம் பார்த்தேன் மேடம், எல்லாரும் இதே ரேட்தான் போட்டிருக்காங்க. அப்ப சரியான விலைதானே?

எல்லாரும் அதே ரேட் கேட்கிறாங்க, அவ்வளவுதான். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் போடுறது அது. கைமாறுன விலை வேணும். அதே பில்டிங்ல கடைசியா வித்தது எவ்வளவுக்கு முடிஞ்சதுன்னு அசோசியேஷன் ஆளுங்க, வாட்ச்மேன், வேற புரோக்கர்னு தனித்தனியா கேளுங்க. பத்திர விலையும் பாருங்க, ஆனா சில இடத்துல அதை குறைச்சு காட்டுவாங்க, அதனால அதை மட்டும் நம்பாதீங்க. இன்னொண்ணு, ஒரு பெட்ரூம் ஃபிளாட்டோட அடி ரேட்டை கொண்டுவந்து இதுக்கு பெருக்காதீங்க, சின்ன வீட்டுக்கு அடி ரேட் பொதுவா கூடத்தான் இருக்கும்.

அக்கா, அதே பில்டிங்ல வித்த வீட்டுக்கு கார் பார்க்கிங் இருந்துச்சு, நாங்க பார்க்கிறதுக்கு இல்ல. எப்படி ஒப்பிடுறது?

வித்த வீட்டு விலையில இருந்து பார்க்கிங்கோட மதிப்பை கழிச்சிடுங்க, வர்றதுதான் உங்களுக்கான விலை. எப்பவும் வித்த வீட்டு விலையைத்தான் ஏத்தி இறக்கணும், நிறைய பேர் தலைகீழா பண்ணிட்டு குழம்புறாங்க. மாடி, வெளிச்சம், லிஃப்ட் எல்லாத்துக்கும் இதே முறைதான்.

இன்டீரியருக்கு நிறைய செலவு பண்ணிருக்கேன்னு ஓனர் சொல்லி அதையும் விலையில ஏத்துறார்...

பண்ணிருப்பார், அவர் ரசனைக்கு! நீங்க புதுசா செஞ்சா ஆகுற செலவுல பாதி கூட அதுக்கு மதிப்பு போட மாட்டேன் நான், அதுவும் உங்களுக்குப் பிடிச்சிருந்தாதான். எனக்கு ஃபால்ஸ் சீலிங் பார்த்தாலே முதல்ல வர்ற சந்தேகம் மேல என்ன கசியுதுங்கிறதுதான். மேல்வீட்டு பாத்ரூம் நம்ம வீட்டுல எதுக்கு மேல வருதுன்னு பார்த்து அந்த இடத்துல சீலிங் லைட்டை கழட்டச் சொல்லி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தாலும் கை வச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா ரிப்பேர் எஸ்டிமேட் வாங்கி அதை விலையில கழிக்கச் சொல்லுங்க, வாய்ல பேசினா "சின்ன வேலைதான் சார்"னு முடிச்சிடுவாங்க.

வாடகையை வச்சு விலை சரியான்னு பார்க்க முடியுமா?

முடியும். விலையை மாச வாடகையால வகுங்க. 240 வந்தா வருஷத்துக்கு 5% வருமானம், 300ன்னா 4%, 400ன்னா 3%. இதுல மெயின்டனன்ஸ், வரி, காலியா கிடக்கிற மாசம் எதையும் இன்னும் கழிக்கல. உங்க ஏரியாவுல மத்த ஃபிளாட்டெல்லாம் 300 பக்கம் வந்து இது மட்டும் 380 வந்தா, ஏன்னு ஓனர்தான் பதில் சொல்லணும். ஓனர் சொல்ற வாடகையை எடுக்காதீங்க, குடியிருக்கிறவங்க கிட்ட கேளுங்க.

வேற பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் குடுங்கன்னு புரோக்கர் நெருக்குறார் அக்கா.

விளம்பரம் எப்ப போட்டதுன்னு பாருங்க தம்பி. பல மாசமா விக்காம கிடந்து, ரெண்டு தடவை விலையும் இறங்கிருந்தா அந்த பார்ட்டி இத்தனை நாள் எங்க இருந்தாராம்?

பேங்க் வேல்யுவேஷன் நாங்க பேசின விலையை விட கம்மியா வந்திருக்கு. என்ன பண்றது?

பெரும்பாலும் ரெண்டுல எது கம்மியோ அதை வச்சுத்தான் பேங்க் லோன் கணக்கு பண்ணும், மிச்சம் உங்க கைக்காசு. அந்த ரிப்போர்ட்டை வாங்கி எந்தெந்த வீட்டோட ஒப்பிட்டாங்கன்னு படிங்க. ஒப்பீடு தப்பா இருந்தா வித்த விலை ஆதாரத்தோட மறுபடி பார்க்கச் சொல்லி கேட்கலாம், சரியா இருந்தா அதையே ஓனர் முன்னாடி வச்சு விலையை இறக்குங்க.