மால்ட்டாவின் மரபுச் செல்வங்கள்: கேள்வி பதில்

கேள்வி: மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் சிறு தீவு நாடான மால்ட்டாவில் எத்தனை உலக மரபுச் சின்னங்கள் உள்ளன?

பதில்: மூன்று. தலைநகர் வல்லெட்டாவும், ஹால் சஃப்லியெனி என்னும் நிலத்தடி ஈமக்கூடமும், கோசோ தீவிலுள்ள ஜிகந்தியா பெருங்கற்கோயிலும் 1980ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஹாஜார் இம், ம்னைத்ரா, தர்ஷீன் முதலிய கோயில்களும் 1992இல் ஜிகந்தியாவோடு இணைக்கப்பட்டதால், பெருங்கற்கோயில்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே சின்னமாகக் கணக்கிடப்படுகின்றன.

கேள்வி: எகிப்தின் பிரமிடுகளைவிட அக்கோயில்கள் பழமையானவை என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். ஜிகந்தியாவின் கட்டுமானம் கி.மு. 3600 வாக்கில் தொடங்கியது. கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து. உலோகக் கருவி எதையும் அறியாத உழவர்கள், வெளிச்சுவருக்குக் கடினமான சுண்ணாம்புக்கல்லையும், செதுக்கு வேலை வேண்டிய உட்புறத்துக்கு மென்மையான கல்லையும் தேர்ந்தெடுத்து எழுப்பினார்கள் என்பதே, கற்களின் பருமனைவிட என்னை அதிகம் வியக்க வைக்கிறது. ம்னைத்ராவின் தென்கோயில் அதன் கட்டடக் கலைஞர்களின் நுட்பத்துக்கு இன்னொரு சான்று: பகலும் இரவும் சமமாகும் நாள்களில் எழும் கதிரவனின் ஒளி அதன் தலைவாயில் வழியே நேராக உள்ளே பாய்கிறது.

ஹாஜார் இம் கோயிலில் உள்ளும் புறமும் மென்கல்லே பயன்பட்டிருப்பதால், கடற்காற்றும் மழையும் அதை அரித்துக்கொண்டே வந்தன. 2009இல் அதன் மீதும் ம்னைத்ரா மீதும் பெரிய கூடாரக் கூரைகள் அமைக்கப்பட்டன. அவை காட்சியைக் கெடுக்கின்றன என்போர் உண்டு. கல் நிலைத்திருந்தால்தான் காட்சியே இருக்கும் என்பதால் நான் கூரையின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: ஈமக்கூடத்துக்கு நுழைவுச்சீட்டே கிடைப்பதில்லையே, ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில்: நாளொன்றுக்கு 80 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள், ஆகவே பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. 1902இல் வீடு கட்டுவோர் தண்ணீர்த் தொட்டிக்காகப் பாறையைக் குடைந்தபோது வெளிப்பட்ட இந்த இடம், மூன்று தளங்களாக நிலத்துக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ 7,000 பேரின் எச்சங்கள் இங்கே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நிலத்தின் மேல் நிற்கும் கோயில்களின் தூண்களையும் உத்தரங்களையும் அப்படியே பாறையில் குடைந்து காட்டியிருக்கிறார்கள். சில கூரைகளில் செங்காவியால் தீட்டிய சுருள் ஓவியங்கள் இன்றும் தெரிகின்றன. மனிதரின் மூச்சுக் காற்றும் உடல் வெப்பமும் வெளிச்சமும் அந்தக் காவியைச் சிதைப்பவை என்பதால், இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது என்றே நான் கருதுகிறேன். இங்கு கிடைத்த, ‘உறங்கும் பெண்’ என அறியப்படும் சிறு சுடுமண் சிலையை வல்லெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காணலாம்.

கேள்வி: வல்லெட்டாவில் தவறவிடக் கூடாதது எது?

பதில்: தூய யோவான் இணைப் பேராலயம். 1565ஆம் ஆண்டில் ஒட்டோமான் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கி நின்ற, தூய யோவான் பெயரிலான கிறித்தவப் போர்ச் சபையின் வீரர்கள் அடுத்த ஆண்டிலேயே இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய, திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்படும் ஓவியம் இப்பேராலயத்தில் உள்ளது; அவர் கையொப்பமிட்ட ஓவியம் இது ஒன்றே.

கேள்வி: கடலோரத்தில் இருந்த ‘நீலச் சாளரம்’ என்னும் பாறை வளைவும் இப்பட்டியலில் இருந்ததா?

பதில்: இல்லை. 2017 மார்ச் 8 அன்று புயலில் அது இடிந்து விழுந்துவிட்டது.

கேள்வி: கட்டடங்கள் இருக்கட்டும். மக்களின் வழக்கங்களில் எவற்றுக்கு யுனெஸ்கோவின் ஏற்பு உண்டு?

பதில்: ஃப்தீரா என்னும் தட்டை ரொட்டியும் அதைச் சார்ந்த சமையல் மரபும் 2020இலும், ‘ஆனா’ என்னும் நாட்டுப்பாட்டு 2021இலும், ஊர்த் திருவிழாவான ஃபெஸ்தா 2023இலும் ஏற்கப்பட்டன. திருவிழாவில் ஊரின் காவல் புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து வருவார்கள், வாத்தியக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிடும், வாணவேடிக்கையும் உண்டு. அந்த வெடிகளை ஊர்க்காரர்களே தயாரிப்பதும், அதில் நேர்ந்த விபத்துகளில் உயிர்கள் போயிருப்பதும் மறைக்க வேண்டியவை அல்ல.

ஆனாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் மூன்று வகைகளில் ஒன்று கதை சொல்வது; இன்னொன்று மிக உயர்ந்த குரலில் பாடுவது; மூன்றாவதான ‘ஸ்பிர்து ப்ரொந்த்’ பாடகர்களுக்கிடையே நடக்கும் வாதப்போர். கித்தார் இசைக்க, இருவர் இருவராக எதிர்நின்று, நான்கடிப் பாடல்களை அந்தந்தக் கணத்திலேயே கட்டி மாறி மாறிப் பாடுவார்கள். எதிராளி சொன்னதற்கு நேரான மறுமொழியாகவும் அடியிறுதி இயைபு பிசகாமலும் அடி அமைய வேண்டும். அவனைக் குத்தலாம், ஆனால் வெளிப்படையாக இழிவுபடுத்தக் கூடாது. சுற்றுலா மேடைகளைவிட ஊர் மதுக்கடைகளில் நடக்கும் அமர்வுகளையே தேடிச் செல்லுங்கள். அங்கே பாடலைக் கேட்பவர்கள் அதன் ஒவ்வொரு குத்தலையும் புரிந்துகொண்டு எதிர்வினை காட்டுவார்கள்.