மெனோனைட் குடும்பங்களின் பழைய தாள்களும் படங்களும் ஏன் இவ்வளவு கவனமாகக் காக்கப்படுகின்றன?

முதற்காரணம் இடப்பெயர்வு. 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தக் கிறித்தவப் பிரிவினருள் ஒரு பகுதியினர் நெதர்லாந்திலிருந்து இன்றைய போலந்தில் உள்ள விஸ்டுலா ஆற்றின் கழிமுகத்துக்கும், 1789 முதல் இன்றைய உக்ரைனுக்கும், 1870களிலும் 1920களிலும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தவர்கள். ஊரும் நிலமும் கைவிட்டுப்போன பின் அவர்களிடம் எஞ்சியவை பெட்டியில் அடங்கிய கடிதங்களும், பிறப்பு இறப்புகள் குறித்த குடும்ப விவிலியமும், சில படங்களுமே.

படங்களில் என்னை நிறுத்திவைப்பவை இறுதிச்சடங்குப் படங்கள். திறந்த சவப்பெட்டியைச் சுற்றி உற்றார் அனைவரும் நிற்பார்கள். கடல் கடந்த உறவினர் நேரில் வர இயலாது என்பதால், அப்படியொரு படம் அஞ்சலில் அவர்களைச் சென்றடையும். நமக்குச் சற்றுத் திடுக்கிடலாக இருக்கும் இப்படங்களின் பின்புறம் யாரேனும் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தால் அது பெரும் பேறு. இல்லையேல் முகங்கள் வெறும் முகங்களாகவே நின்றுவிடும்.

கடிதங்களைப் படிப்பது வேறொரு சிக்கல். வீட்டில் பேசியது பிளவுட்டீச் என்னும் தாழ்ஜெர்மன் வட்டார மொழி. எழுதியதோ பெரும்பாலும் உயர்ஜெர்மன் என்னும் பொது ஜெர்மன், அதுவும் இன்றைய ஜெர்மானியரே தடுமாறும் பழைய கூரென்ட் கையெழுத்தில். ஆகவே பேரப்பிள்ளைகள் பலர் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்களே தவிர, படிக்க இயலுவதில்லை. இவ்வகைத் தொகுப்புகளை கனடாவின் வின்னிபெக் நகரிலும், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துப் பெத்தேல் கல்லூரியிலும் உள்ள மெனோனைட் ஆவணக் காப்பகங்கள் பேணிவருகின்றன.