கேள்வி – பதில்: கொல்லைப்புறத் தொலைநோக்கிக்கு எந்த கேமரா?

நெபுலா, கேலக்ஸிகளைத் தொலைநோக்கி வழியே படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளில், கேமரா தொடர்பானவை மட்டும் இந்த முறை.

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. விட்டமுள்ள எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) இருக்கிறது. குவியத் தூரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு, அதாவது 750 மி.மீ. வானியலுக்கென்றே வரும் கேமரா வாங்கப் போகிறேன். எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

பதில்: மெகாபிக்சலை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டே: ஒரு பிக்சலின் அளவு, மொத்த சென்சாரின் அளவு.

பிக்சல் அளவை (மைக்ரானில்) 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுங்கள். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டைப் பிடிக்கிறது என்பது கிடைத்துவிடும். ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்டு. காற்று அலைவதால், வீட்டுக் கொல்லையிலிருந்து பார்க்கும்போது நட்சத்திரம் 2 முதல் 4 ஆர்க்செகண்டு அகலத்துக்குப் பரவித்தான் விழும். அதனால் பிக்சலுக்கு 1 முதல் 2 ஆர்க்செகண்டு என்றால் பொருத்தம். 0.5-க்குக் கீழே போனால் புதிய விவரம் எதுவும் வராது. அதே ஒளியைக் கூடுதல் பிக்சல்களுக்குப் பங்கிட்டு, இரைச்சலைத்தான் கூட்டிக்கொள்கிறோம்.

இன்று பரவலாகக் கிடைக்கும் சோனி ஐஎம்எக்ஸ் 533, ஐஎம்எக்ஸ் 571 சென்சார்கள் இரண்டிலும் பிக்சல் 3.76 மைக்ரான். உங்கள் 750 மி.மீ.க்கு அது 1.03 ஆர்க்செகண்டு. கச்சிதம். பிக்சல் ஒன்றே என்பதால் இரண்டும் எடுக்கும் நுணுக்கமும் ஒன்றே, பரப்புதான் வேறு. 533 சதுரமானது, பக்கம் 11.3 மி.மீ.; உங்கள் குழாயில் 0.86 டிகிரி தெரியும். ஏபிஎஸ்-சி (சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சார்) அளவுள்ள 571-ல் 1.8-க்கு 1.2 டிகிரி. ஓரியன் நெபுலா ஏறக்குறைய ஒரு டிகிரி அகலம் என்பதால் 533-ல் ஓரம் வெட்டுப்படும், 571-ல் தாராளமாக அடங்கும். 3 டிகிரி நீளமுள்ள ஆண்ட்ரோமெடா இரண்டிலும் அடங்காது. அதற்கு 571-ஓடு, 400 மி.மீ. குவியத் தூர அளவில் ஒரு சிறு லென்ஸ் தொலைநோக்கிதான் சரி.

பெரிய சென்சார் என்றால் கூடவே சில செலவுகளும் வரும். 2 அங்குல ஃபோகசர் (கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும் குழாய்), நல்ல கோமா கரெக்டர் (ஓர நட்சத்திரங்கள் வால் நீளாமல் திருத்தும் லென்ஸ்), தொய்வில்லாத இணைப்புகள் எல்லாம் வேண்டும். ஃபோகசர் சற்றே சரிந்தாலும் 571-ன் மூலைகள் காட்டிக்கொடுக்கும், 533 மன்னித்துவிடும். முதல் வானியல் கேமரா என்றால் 533 வாங்கி, மிச்சப் பணத்தை மவுண்ட்டில் (தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பீடத்தில்) போடுங்கள். மவுண்ட் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் எடையில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் மொத்தச் சுமை நிற்க வேண்டும். ஆடும் மவுண்ட்டின் மேல் எந்த கேமராவும் வீண்.

கேள்வி: டிஎஸ்எல்ஆரை நியூட்டோனியனில் மாட்டினால் ஃபோகஸே வரவில்லை. ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளியும் நட்சத்திரம் வட்டமாகவே நிற்கிறது.

பதில்: கேமராவில் குறையில்லை. கண்ணால் பார்ப்பதற்காகச் செய்த குழாய்களில் பிம்பம் ஃபோகசருக்கு மிக அருகிலேயே விழுந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் சென்சார் உள்ளே ஆழத்தில் இருக்கிறது: கேனானின் இஎஃப் லென்ஸ் பொருத்தும் வாயிலிருந்து 44 மி.மீ., கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-ரிங்குக்கு இன்னும் 11, ஆக 55 மி.மீ.

எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். குழாயை நிலாவுக்குத் திருப்பி, ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளி, அதன் வாயில் ஒரு ட்ரேசிங் தாளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் கொண்டுவாருங்கள். நிலா சுமார் 7 மி.மீ. வட்டமாக, விளிம்பு கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்தி, ஃபோகசர் வாயிலிருந்து தாள் வரை ஸ்கேலால் அளவெடுங்கள். 35 மி.மீ. வந்தால் உங்களுக்கு 20 மி.மீ. பற்றவில்லை என்று பொருள். முதன்மைக் கண்ணாடியின் மூன்று திருகுகளையும் நீளமானதாக மாற்றி, கண்ணாடியை அந்த 20-உம் கூட ஓரிரு மி.மீ.உம் மேலே தூக்க வேண்டும். பிறகு கோலிமேஷனை (கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதை) மறுபடி சரிசெய்ய வேண்டும். ரொம்பத் தூக்கினால் சிறிய இரண்டாம் கண்ணாடி கொண்ட குழாய்களில் ஓர ஒளி வீணாகும். உயரம் குறைந்த ஃபோகசர் மாற்றுவது இன்னொரு வழி. 2x பார்லோ (குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) போட்டாலும் ஃபோகஸ் கிடைத்துவிடும், ஆனால் எஃப்/5 எஃப்/10 ஆகி, எக்ஸ்போஷர் நான்கு மடங்கு வேண்டியிருக்கும். நிலாவுக்கும் கிரகத்துக்கும் சரி, நெபுலாவுக்கு வேண்டாம்.

கேள்வி: கூலிங் உள்ள கேமரா அவசியமா? விலை வித்தியாசம் பெரிதாக இருக்கிறதே.

பதில்: சென்சாரின் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி கூடும்போதெல்லாம் டார்க் கரண்ட் (ஒளி விழாமலே வெப்பத்தால் சென்சாரில் சேரும் சிக்னல்) இரட்டிப்பாகும். சூடான இரவில் கூலிங் இல்லாத சென்சார் 35 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மைனஸ் 1-க்கு இறக்கினால் ஆறு முறை பாதியாகி, 64-ல் ஒரு பங்கு ஆகிவிடும். ஆனால் தெருவிளக்கு வெளிச்சம் நிறைந்த இடத்தில் சாதாரண ஃபில்டரோடு எடுக்கும்போது வானத்தின் வெளிச்சமே பெரிய இரைச்சல், கூலிங்கின் பலன் அவ்வளவாகத் தெரியாது. நாரோபேண்ட் ஃபில்டர் (குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடுவது) போட்டு 5 நிமிட எக்ஸ்போஷர் எடுக்கும்போதுதான் அது பளிச்சென்று தெரியும்.

நம் கணக்கில் இதைவிடப் பெரிய லாபம், வெப்பநிலையை நிலையாக வைக்க முடிவது. ஒரே வெப்பநிலை, ஒரே கெயின் (சிக்னல் பெருக்கம்), ஒரே எக்ஸ்போஷரில் 30 டார்க் ஃபிரேம்களை (ஒளி விழாமல் மூடி எடுத்து, படத்திலிருந்து கழிக்கும் ஃபிரேம்களை) மழைநாளில் எடுத்து வைத்துக்கொண்டு பல மாதம் பயன்படுத்தலாம். டிஎஸ்எல்ஆரில் இரவு குளிரக் குளிர டார்க் பொருந்தாமல் போகும். கூலரை 100 சதவீதத்தில் ஓடவிடாதீர்கள். 80-க்குள் நிற்கிற மாதிரி வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மோனோவா (கருப்பு-வெள்ளை கேமரா), கலரா?

பதில்: தெளிந்த இரவு எப்போதாவதுதான் கிடைக்கிறது என்றால் கலர். மோனோ நுணுக்கத்தில் மேல்தான். ஆனால் ஃபில்டர் சக்கரம், ஃபில்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) என்று வேலை பெருகும். பாதியில் மேகம் வந்தால் சிவப்பு இருக்கும், நீலம் இருக்காது. கலர் கேமராவோடு ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி), ஆக்ஸிஜன் ஒளி இரண்டையும் மட்டும் விடும் டூயல்பேண்ட் ஃபில்டர் சேர்த்தால் நெபுலாக்களுக்குப் போதும். கேலக்ஸிகளுக்கு அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் ஒளி எல்லா அலைநீளத்திலும் வருகிறது.

கேள்வி: பழைய டிஎஸ்எல்ஆரில் ரோசெட் நெபுலா சிவப்பாக வரவே இல்லை. ஃபில்டரை எடுத்துவிடலாமா?

பதில்: அந்தச் சிவப்பு 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன் ஒளி. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர் அதில் கால்வாசி அளவுதான் உள்ளே விடும். மாற்றினால் நல்ல பலன் உண்டு. ஆனால் வெறுமனே கழற்றிவிட்டால் அகச்சிவப்பும் உள்ளே வந்து, லென்ஸ் தொலைநோக்கியில் நட்சத்திரங்கள் ஊதிப்போகும். யூவி/ஐஆர் கட் ஃபில்டர் ஒன்று கட்டாயம். சென்சார் முன் வெறும் கண்ணாடி மட்டும் உள்ள வானியல் கேமராக்களுக்கும் இதே விதி. ஆண்ட்ரோமெடா, கார்த்திகைக் கூட்டம், ஹெர்குலிஸ் கொத்து இவைதான் உங்கள் இலக்கு என்றால் கேமராவில் கை வைக்கவே தேவையில்லை.

கேள்வி: நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன, மூலைகளில் நீள்கின்றன. ஃபிளாட்டனர் (மூலை வரை ஃபோகஸைச் சமப்படுத்தும் லென்ஸ்) போட்டிருக்கிறேன்.

பதில்: ஃபிளாட்டனரிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் தவறு. பெரும்பாலான ஃபிளாட்டனர்களுக்கு 55 மி.மீ. வேண்டும். கேமராவுக்குள்ளேயே 17.5 மி.மீ. இருந்தால் மீதி 37.5, அதற்கு 16.5, 21 என்று இரண்டு வளையங்கள் சேர்ப்பது வழக்கம். இடையில் 2 மி.மீ. தடிமன் ஃபில்டர் வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 0.7 மி.மீ.யை, கூட்டிக்கொள்ளுங்கள். மூலை நட்சத்திரங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி நீண்டால் பெரும்பாலும் சென்சார் ரொம்பக் கிட்டே இருக்கிறது. மையத்தைச் சுற்றி வளைந்தால் ரொம்பத் தள்ளி இருக்கிறது. அரை மி.மீ. ஷிம் (இடைவெளி கூட்டும் மெல்லிய) வளையங்களால் படிப்படியாக மாற்றுங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் தூரத்தைத் தொடாதீர்கள், அது ஃபோகசரோ சென்சாரோ சரிந்திருப்பதால் வருவது.

கேள்வி: டாப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் பீடத்தில் உள்ள நியூட்டோனியன்) வைத்திருக்கிறேன். அதற்கு?

பதில்: கிரகமும் நிலாவும். பின்தொடரும் மோட்டார் இருந்தாலும் நீண்ட எக்ஸ்போஷரில் படம் சுழன்றுவிடும். 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கூலிங் இல்லாத கேமரா போதும். பார்லோ போட்டு எஃப் எண்ணை, மைக்ரானில் சொல்லும் பிக்சல் அளவின் 3 முதல் 5 மடங்குக்குள் வையுங்கள். வீடியோவாக எடுத்து, நல்ல ஃபிரேம்களை மட்டும் அடுக்குங்கள்.

கேள்வி: நள்ளிரவில் கேமரா திடீரென்று கணினியிலிருந்து துண்டிக்கப்படுகிறது.

பதில்: பெரும்பாலும் கேபிள் அல்லது மின்சாரம். கூலருக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை தேவைப்படும். மெல்லிய நீளக் கம்பியில் வோல்டேஜ் விழும். கூலர் முழுவேகத்தில் ஓடும்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11-ஐ நெருங்கினால் தடிமனான கம்பி மாற்றுங்கள். யூஎஸ்பி 3 கேபிளை 3 மீட்டருக்குள் வைத்து, மேலும் தூரம் வேண்டுமென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப்பை மவுண்ட் அருகில் பொருத்துங்கள். எப்போதும் ஒரே திசையில், மெரிடியனை (தலைக்கு மேலே செல்லும் வடக்கு-தெற்குக் கோட்டை) தாண்டும் நேரத்தில்தான் துண்டிக்கிறது என்றால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அப்போது மவுண்ட் மறுபக்கம் திரும்பும் ஃப்ளிப்பைப் பகலிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, கேமரா முனையில் ஒரு கை அளவு தொய்வு விட்டு வெல்க்ரோவால் கட்டுங்கள்.