ஐஸ் டீ பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: சூடான டீயை விட ஐஸ் டீ நல்லதா?

இலை ஒன்றுதானே, ஐஸ் போட்டதால் புதிதாக எதுவும் சேர்ந்துவிடாது. ஒரு விஷயத்தில் மட்டும் ஐஸ் டீக்குச் சாதகம். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் சொன்னது. இதில் அந்தப் பயம் இல்லை.

கேள்வி: கோலாவை விட்டுவிட்டுத் தினமும் ஒரு பாட்டில் ஐஸ் டீ குடிக்கிறேன். நல்ல பழக்கம்தானே?

பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை 8 கிராம் என்று இருந்தால், அரை லிட்டர் பாட்டிலில் 40 கிராம், அதாவது பத்து டீஸ்பூன். ஒரு தம்ளரில் பத்து டீஸ்பூன் சர்க்கரையை அள்ளிப் போட்டுப் பாருங்கள், குடிக்க மனசு வராது. ஒரு நாளைக்கே சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோலாவை விட்டீர்கள், சரி, சர்க்கரையை விடவில்லையே!

கேள்வி: அப்புறம் வீட்டில் எப்படிப் போடுவது?

எனக்குப் பிடித்தது கொதிக்க வைக்காத முறை: ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் நான்கைந்து டீ பைகளைப் போட்டு, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். துவர்ப்பு குறைவாகவே இறங்கும், அதனால் சர்க்கரை இல்லாமலே குடிக்க முடிகிறது. வெயிலில் ஜாடியை வைத்து ஊறவைப்பதை மட்டும் செய்யாதீர்கள், அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த டீ கலங்கிப் போகிறது, கெட்டுவிட்டதா?

இல்லை. கொதிக்க வைத்துப் போட்ட டீயாக இருக்கும். ஆறும்போது காஃபினும் துவர்ப்புப் பொருட்களும் ஒட்டிக்கொள்வதால் வரும் கலங்கல் அது. கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும்.

கேள்வி: எனக்கு இரும்புச்சத்து குறைவு அக்கா, குடிக்கலாமா?

குடிக்கலாம், சாப்பாட்டோடு வேண்டாம். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பை டீயின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: தண்ணீருக்குப் பதில் நாள் முழுக்க இதையே குடித்தால்?

வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் தினமும் பதினாறு கிளாஸ் ஐஸ் டீ குடித்த ஒருவருக்கு, டீயில் உள்ள, சிறுநீரகக் கல் உண்டாக்கும் ஆக்சலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகமே செயலிழந்த சம்பவம் 2015-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரண்டு மூன்று கிளாஸ் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.