எதற்குக் குறைவு?

கேள்வி: 'எடை குறைந்தவர்', 'எடைக்குறைவு', 'எடைக்குறைப்பு' மூன்றையும் ஒரே பொருளில் எழுதுகிறார்கள். பங்குச் சந்தைச் செய்தியில்கூட 'எடைக்குறைவு' வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லவே இல்லை. எடைக்குறைப்பு என்பது முயன்று செய்வது. எடைக்குறைவு என்பது இருக்கும் நிலை. 90 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு இளைத்தவரும் 'எடை குறைந்தவர்'தான். அவரிடம் போய் எடைக்குறைவு என்று சொல்ல முடியுமா? 'எடை குறைந்த நாற்காலி' என்றாலோ இலேசானது என்று பொருள். அங்கே குறையே இல்லை.

எடைக்குறைவு என்று எழுதினால் எதை அளவுகோலாக வைத்தீர்கள் என்று சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்துப் பார்க்கிறார்கள். விடை 18.5-க்குக் கீழே வந்தால் எடைக்குறைவு. 1.60 மீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ளவருக்கு 17.6 வரும். அதே 45 கிலோ, 1.50 மீட்டர் உயரமுள்ளவருக்கு 20, குறைவே இல்லை. பிறந்த குழந்தைக்கு உயரக் கணக்கு கிடையாது, 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த பிறப்பு எடை.

அதிகம் தவறு நேர்வது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பற்றி எழுதும்போது. அங்கே அளவுகள் மூன்று: வயதுக்கேற்ற எடை, உயரத்துக்கேற்ற எடை, வயதுக்கேற்ற உயரம். எடைக்குறைவு என்று புள்ளிவிவரங்கள் சொல்வது முதலாவதை மட்டுமே. வளர்ச்சி குன்றி உயரம் குறைந்த குழந்தை, தன் உயரத்துக்குச் சரியான எடையோடு இருந்தாலும் வயதுக்கணக்கில் எடைக்குறைவில் விழக்கூடும். உயரத்துக்கு எடை போதாமல் மெலிந்த குழந்தையின் நிலை வேறு. இரண்டையும் 'மெலிந்த குழந்தைகள்' என்று மொழிபெயர்ப்பது பிழை மட்டுமல்ல, தீங்கும்கூட.

பொட்டலத்தில் அளவுகோல் அச்சிட்ட நிகர எடை. 500 கிராம் என்று போட்ட பொட்டலம் உறையோடு சேர்த்து 500 நின்றால், உறை 12 கிராம் என்றால், உள்ளே 488-தான். அது எடைக்குறைவு.

பங்குச் சந்தையில் யாரும் எதையும் நிறுப்பதில்லை. குறியீட்டில், அதாவது சந்தையின் போக்கை அளக்கும் பங்குத் தொகுப்பில், 10 விழுக்காடு இடம்பெற்ற துறைக்கு ஒரு நிதியம் தன் பணத்தில் 6 விழுக்காடே போட்டிருக்கிறது என்பதுதான் செய்தி. அங்கே 'குறியீட்டைவிடக் குறைந்த ஒதுக்கீடு' என்று எழுதுங்கள்.

ஒற்றையும் கவனியுங்கள்: 'அவருக்கு எடைக்குறைவு இருக்கிறது' என்பதில் 'க்' வரும். 'அவருக்கு எடை குறைவு' என்பதில் எடை எழுவாய், 'க்' வராது.